பிரேக்கில் கோளாறு இல்லை என்று சொன்னவன்

அந்தோணி மச்சான் அன்று பிரேக்கைத்தான் மிதித்தார். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று சொன்னது நான். பொய். தெரிந்தே சொன்ன பொய்!

நான்கு வருடங்களாக இதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு சோறு தின்கிறேன். இன்று உங்களிடம் கொட்டுகிறேன்... நீங்கள் என்னை மன்னித்துவிட வேண்டாம். மன்னிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது ஆத்திரம் வருகிறது.

மச்சான் என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர். கோவையில் பள்ளி வேன் ஓட்டினார். இருபத்தாறு வருடங்களில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. நானோ எந்தத் தொழிலையும் யாரிடமும் படிக்காதவன். மோட்டார், மிக்ஸி, பைக் என்று பிரித்துப் போட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டேன். தொண்டாமுத்தூரில் எங்கள் தெருக்காரர்கள், "அவருகிட்டக் குடுங்க, செத்த மோட்டாருகூட எந்திரிச்சு உக்காரும்" என்பார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை கால் புரியாது.

என் பழைய காரில் பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று அலறியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. முன்சக்கரக் கேலிப்பர்கள் இறுகிச் சிக்கிக்கொண்டன. சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்துகிற இரும்புப் பிடி அதுதான். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் என் பெயர் என்னாவது? வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டையும் சேர்த்தே கழற்றினேன். ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டிருக்க வேண்டும்... ஒரே பேசினில் போட்டுக் கழுவினேன். புது ரப்பர் சீல் போட்டேன். அதோடு விட்டேனா? கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து இரண்டுக்கும் பூசினேன். அழகுக்கு! நாலு பேர் குனிந்து பார்த்து மெச்ச வேண்டுமே!

பெயிண்ட் காய்ந்தபோது எது இடது, எது வலது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தியது. மாட்டிவிட்டேன்.

கேலிப்பரில் காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு உண்டு. அது மேலே நிற்க வேண்டும். பக்கம் மாறினால் கீழே போய்விடும். திறந்தால் ஆயில் மட்டும் வரும், காற்று உள்ளேயே தங்கிவிடும். காற்று தங்கினால் பெடல் பஞ்சாக அமுங்கும். வண்டி நிற்காது.

திருகு கீழே இருந்தது. பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

காற்றை வெளியேற்ற உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குக்கூடத் தெரிந்தது. "ஏனுங்க, காலு உள்ளுக்கே போயிட்டிருக்குதுங்களே?"

"நாலு மிதி மிதிச்சாப் புடிச்சுக்கும். நீ எறங்கு அம்மணி, பெரிய இஞ்சினியராட்டம்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையிலேயே மச்சானும் அக்காவும் வந்து நின்றார்கள். மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கொடுமுடிக்குப் போக வேண்டும், கார் வேண்டும். அக்கா புருஷன் வாய் திறந்து கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சரி, இல்லை என்று சொல்ல வேண்டாம்... ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லலாமே? சொன்னேனா?

"வண்டி எப்படிங்க மாப்பிள்ள?" என்றார்.

"பிரேக்கு புதுசாட்டம் பண்ணிப்போட்டனுங்க மச்சான். தொட்டா நிக்கும்!"

நானே நாலு மிதி மிதித்து, பெடலை இறுக்கி, வண்டியைத் தெருவில் திருப்பி நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். நாலு மிதி எதற்கு என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

தோப்புகளுக்கு நடுவே நேர்ச்சாலை. முதல் வளைவில் தேங்காய் ஏற்றிய டெம்போ எதிரே வந்திருக்கிறது. மிதித்திருக்கிறார். நிற்கவில்லை. ஒடித்துத் திருப்பி வாய்க்கால் கரையில் மோதினார். அக்காவின் இடது முழங்கை மூன்றாக உடைந்தது.

நான் முதலில் எங்கே ஓடியிருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு! நான் காரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அதே நேரத்தில், கேலிப்பர்களைக் கழற்றிப் பக்கம் மாற்றிச் சரியாக மாட்டி, காற்றையும் வெளியேற்றினேன். கை நடுங்கவில்லை! அதுதான் இன்றும் என்னைக் கொல்கிறது...

மறுநாள் மச்சான் வந்தார். முகம் கறுத்திருந்தது. "நான் மிதிச்சனுங்க மாப்பிள்ள... காலு அடியோட போயிருச்சு."

அவரையே உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். பெடல் கல்லாக நின்றது.

"பாருங்க, பிரேக்குல ஒரு கோளாறும் இல்லீங்க. பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சுப்போட்டீங்க மச்சான்."

அவர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வேன் வேலையை அவரே விட்டார். "பொண்டாட்டி கைய ஒடைச்சவன் ஊரான் புள்ளைங்கள ஏத்தலாமுங்களா?" என்றார். இப்போது ஒரு குடோனில் காவல் இருக்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒருவன், "வாங்க ரேஸ் டிரைவரே! பெடலு மேல பேரெழுதி ஒட்டிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டான். பந்தியே சிரித்தது. மச்சானும் சிரித்தார். நான்... நானும் சிரித்தேன்! சோற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன்!

அக்காவின் கை இன்றும் நீளாது. "போச்சாது விடுங்க, வேணும்னா செஞ்சீங்க?" என்று அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். அவர் செய்யாத குற்றத்தை அவள் தினமும் மன்னிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். என் மனைவி வெளியே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அவள் எதையும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால்தான் என்ன!

போன வாரம் மச்சான் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். ஓட்டுநர் உரிமம் முடியப்போகிறது, புதுப்பிக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கறனுங்க மாப்பிள்ள, மறைக்காமச் சொல்லோணும். வண்டியப் பத்தித் தெரிஞ்சவரு நீங்கதான். மறுபடியும் நான் ஓட்டலாமுங்களா?"

நான்கு வருடங்களாக நான் வேண்டிக்கொண்டிருந்த வாசல் அது. தானாகத் திறந்து என் முன்னால் நின்றது. என்ன சொன்னேன் தெரியுமா?

"வேண்டாமுங்க மச்சான். அக்கா பயந்துக்கும்."

அவர் விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உங்களாட்டம் ஒருத்தரு மூஞ்சிக்கு நேராச் சொன்னாத்தானுங்க நல்லது" என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்... நன்றி!

உரிமம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சொல்வேனா என்று கேட்காதீர்கள். இன்று காலையிலும் அந்த வாசல் வரை போனேன். அக்கா ஒற்றைக் கையால் கோலமாவு டப்பாவை மூட முடியாமல் மூடிக்கொண்டிருந்தாள். வாங்கி இறுக்கி மூடிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்துவிட்டேன்.