உள்பக்கம் பார்த்த மோதிரம்

அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போவதை நிறுத்தி அப்போது ஒரு வருடமாகியிருந்தது. அது பின்னாளில் அவளே சொன்னது. காலையில் புத்தகப் பையோடு இறங்கிப் போய், நகரத்துக்கு வெளியே கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் பலெர்மோ நகரத்தின் பல்லரோ சந்தைக்கு மேலே குடியிருந்தோம். எங்கள் வீட்டில் யார்மேல் மீன் மணத்தாலும் பழி சந்தைக்குத்தான்.

அந்தக் கோடையில் அவளுக்குப் பட்டமளிப்பு மோதிரம் செய்வதென்று தீர்மானமாயிற்று. கனடாவில் பெரியம்மாவின் மகன் தன் பல்கலைக்கழக மோதிரத்தைத் தொலைபேசியில் காட்டிய நாளிலிருந்து அம்மாவுக்கு அந்த ஆசை. பலெர்மோவில் பட்டம் பெற்றவருக்குத் தலையில் இலைக் கிரீடம் வைப்பதோடு சரி. "இலை ரெண்டு நாளிலை வாடிப்போம்" என்றார் அம்மா. பட்டத்துக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. ஆனால் சித்தப்பா ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகிறார். நகையென்றால் அங்கேதான் செய்ய வேண்டும் என்பது எங்கள் சனத்தின் சட்டம். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான். அம்மா தன் இரண்டு பொன்காப்பில் ஒன்றை மோதிரத்துக்கு உருக்கவென்று கழற்றி மேசையில் வைத்தார்.

மோதிரத்துக்குப் படம் கீறியது நான். பதினொரு வயது. நடுவில் திறந்த புத்தகம், ஒரு பக்கம் அம்மாவுக்காகப் பனை, மறுபக்கம் அப்பா கேட்ட இந்த நகரத்துக் கழுகு. கோழி நன்றாக இருக்கிறது என்றார் சித்தப்பா. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புத்தகத்தின் கீழே ஆண்டு போடப்போனபோது மட்டும் என் கையைப் பிடித்தாள்.

"வருசம் வேண்டாம். இடம் காணாது."

இடம் தாராளமாக இருந்தது. கனடா மோதிரத்திலும் ஆண்டு இருந்ததே! அவள் குளிக்கப் போனதும் அடுத்த வருடத்தின் நான்கு எண்களையும் எழுதி, தாளை மடித்துச் சித்தப்பாவின் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

செப்டெம்பரில் மோதிரம் வந்தது. என் எண்கள், என் கையெழுத்திலேயே, பொன்னில். அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகப்பு தன்னைப் பார்க்கும்படி மாட்டிக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை மாறிப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார் அம்மா.

"பட்டம் எடுக்கும்வரைக்கும் இப்பிடித்தான் அம்மா போடுறது. எடுத்தாப் பிறகுதான் ஊர் பாக்கத் திருப்புறது."

கனடா அண்ணாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். படிப்பைப் பற்றி அந்த வருடம் அக்கா சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

அம்மா ஒற்றைக் காப்போடு அடுப்படிக்குப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"வருசம் எழுதினது நீயோ?"

"ஓம்" என்றேன் பெருமையாக.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறாய்."

அவள் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு நன்றாகவா எழுதிவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.