தொட்டிக்குள் கேட்ட சத்தம்

தொண்ணூறுகளில் ஒரு கன்னட ஊரில், மண்டி மொஹல்லா கடைத்தெருவில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. ஒட்டிய கடையில் அக்கா வீட்டுக்காரர் மீன்தொட்டி வியாபாரம் செய்தார். அவரை நான் மாமா என்பேன். ஒருநாள் அவருக்கு வந்த சரக்கில் கத்திபோல் தட்டையாக ஒரு கறுப்பு மீன் இருந்தது. கண் கடுகளவுதான். உடம்பிலிருந்து மெல்லிய மின்சாரம் விட்டு, அதை வைத்தே சுற்றியிருப்பதை அறியுமாம்.

நான் நம்பவில்லை. தண்ணீரில் இரண்டு ஒயரைவிட்டு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் விசில்போல, நிற்காத ஒரே சத்தம். மீன் ஒயரை நெருங்கினால் சத்தம் கூடியது. தெருவில் போனவர்கள் எல்லாம் கடைமுன் நின்றார்கள்.

கூட்டத்தைப் பார்த்த மாமா, அடுத்த வாரமே அதைவிடச் சின்னதாக இன்னொரு கறுப்பு மீன் வாங்கிவந்தார். ஒரே தொட்டியில் விடவேண்டாம் என்றேன்.

"நடுவுல கறுப்புத் தகடு வெக்கறேன் மாப்ளே. பார்த்தாத்தானே சண்டை போடும்?"

"தகடெல்லாம் ஓட்டை மாமா. தண்ணி போற வழியில கரன்ட்டும் போகும்."

அவர் கேட்கவில்லை. இரண்டாவது மீனை விட்டதும் ஸ்பீக்கரில் சத்தம் இரண்டாகி, ஒன்றோடொன்று மோதி அதிர்ந்தது. பெரிய மீன் பிளாஸ்டிக் தகட்டை முட்டத் தொடங்கியது. வாய் கிழிந்து தோல் தொங்கியும் நிறுத்தவில்லை. மத்தியானம் தகடு சாய்ந்தது. இடுக்கில் நுழைந்து, சின்னதின் வாலைக் கடித்துத் துண்டாக்கியது. வாலில்தான் மின்சாரம் அதிகம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு சத்தம் தேய்ந்துபோனது. வெளியே நின்றவர்கள் கன்னடத்தில் "அடி, அடி" என்று கைதட்டினார்கள்.

வலையை எடுத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுறா. கூட்டம் நிக்குது."

"செத்துரும் மாமா."

"சாகட்டும். என் மீன்."

கையை முறுக்கினார். தோளில் ஏதோ கழன்றதுபோல் வலி. இன்னொரு கைக்கு எட்டிய ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். முதல் அடி நான்தான் அடித்தேன், இதை யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அவர் சட்டையை நான் விடவில்லை. இருவருமாகத் தொட்டிமேல் விழுந்தோம். கண்ணாடி வெடித்தது. அவர் வலது முன்கையில் ஒரு சில்லு எலும்புவரை இறங்கியிருந்தது. தண்ணீர் சிவப்பாகித் தெருவுக்கு ஓடியது. கூட்டம் ஒரு நொடியில் கலைந்துவிட்டது.

சின்ன மீன் தரையிலேயே செத்தது. பெரியதை யாரோ வாளியில் போட்டிருந்தார்கள்.

ஆட்டோவில் அவர் கையைத் துண்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். உண்மை தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"வழுக்கி விழுந்துட்டேன்," என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே.

தையல் ஆறியது. ஆனால் இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மீன் பையின் வாயை ரப்பர் போட்டு இறுக்க அவரால் முடியாமல் போனதால், அக்கா கடைக்கு வர ஆரம்பித்தாள். ஒரு வருஷம் அவள் என் கடை வாசலைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்த்ததில்லை. மாமா மட்டும், டேப் ரெக்கார்டர் பழுதானால் இடது கையில் தூக்கிக்கொண்டு வருவார்.