ஆமென் சொல்லுமுன் விழுந்த கோல்

சபையாரே, என் குரலைப் பற்றி உங்களில் பலருக்குக் குறை உண்டு. பாளையங்கோட்டையில் நான் ஜெபித்தால் ஆற்றுக்கு அக்கரையில் மாடு மிரளும் என்கிறீர்கள். இருக்கட்டும். என் நெஞ்சு உடைந்துபோயிருந்த ஒரு நாளில் அந்தக் குரலைத்தான் கர்த்தர் எடுத்து உபயோகித்தார். அதைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி. இலங்கையில் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சில குடும்பங்கள் திரும்பி வந்து ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். சொந்த ஊர் என்று வந்த இடத்தில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. நான் பெண்பிள்ளைகள் பள்ளியில் வாத்திச்சி. பள்ளி விட்டதும் மிஷன் மைதானத்து வேப்பமரத்தடியில் அந்தப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துக்கு வந்தவர்கள் நாலே பேர். ஒரு கால்பந்து வாங்கிப் போட்டேன். மறுநாள் குடிசைப் பிள்ளைகள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

கூடவே வம்பும் வந்தது. எங்கள் மிஷன் போர்டிங் பையன்கள் அவர்களைக் ‘கண்டிக்காரன்’ என்று கேலி பண்ணினார்கள். அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னார்கள். தினமும் ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு என்னிடம் வருவான். மைதானத்துச் சாவி சபை மூப்பர் இடுப்பில்தான் இருக்கும். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏம்மா வாத்திச்சி, இது மைதானமா, சேவக்கட்டா? சனிக்கிழமை ரெண்டு கூட்டமும் சேந்து ஆடட்டும். நான் வந்து பாக்கேன். ஒரு அடி விழுந்தாலும் கேட்டைப் பூட்டிருவேன்.”

அன்று சாயங்காலமே செல்லையாவின் அம்மா வந்தாள். அவன்தான் அந்தப் பையன்களுக்குத் தலைவன். அவள் புருஷனைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, பிறந்த ஊரான சீவலப்பேரிக்குப் பக்கம் என்று இந்த ஆற்றங்கரைக்கு வந்தவள். “கேட்டைப் பூட்டிட்டா இவனைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணிகூட மறுபடி கப்பல் ஏத்திருவேம்மா. இங்கன இவங்கூட ஒருத்தனும் பேசலை. அங்கன மண்ணுக்கடியிலயாவது அப்பன் இருக்கான்” என்றாள்.

அன்று ராத்திரி என் ஜெபம் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. என் ஜெபம்! “ஆண்டவரே, சண்டை மட்டும் வேண்டாம்” என்று அந்த வாரம் முழுக்க மன்றாடினேன். சிநேகம் வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்கு விசுவாசம் போதவில்லை.

சனிக்கிழமை ஆடிக் காற்றில் ஒரே புழுதி. முதலில் ஒழுங்காகத்தான் ஆடினார்கள். மூப்பர் கேட்டுக்குள் தலையை நீட்டிய நேரம் பார்த்து, போர்டிங் பையன் ஆசீர் செல்லையாவின் தோளைப் பிடித்து இழுத்தான். செல்லையா ஆசீரின் குடுமியைப் பிடித்தான். நான் அப்படியே மண்ணில் முழங்காலில் விழுந்து, “பரம பிதாவே!” என்று கதறிவிட்டேன்.

எங்கள் போர்டிங் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெபச் சத்தம் கேட்டால் அவர்கள் கண்ணை மூடி நின்றுவிடுவார்கள். கையில் சோற்று உருண்டை இருந்தால் அதுவும் பாதி வழியில் நிற்கும். ஆமென் வருமுன் கண்ணைத் திறந்தால் பிரம்படி. ஆசீர் கைகூப்பிக் கண்ணை மூடினான். அவன் கூட்டம் முழுவதும் மூடியது. கோல் காத்தவனும் மூடினான். மூப்பரும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூடினார்.

கண்டிப் பையன்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. வாத்திச்சி நமக்காகத்தான் கத்துகிறாள் என்று அவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. செல்லையா குடுமியை விட்டான். பந்தை உருட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றவர்களுக்கு நடுவே பைய நடந்துபோய் கோலுக்குள்ளே தள்ளினான்.

அவர்கள் போட்ட கூச்சலில் என் ஜெபம் பாதியில் அறுந்தது. எல்லோரும் கண் விழித்தார்கள்.

“ஏலே, ஜெபத்துக்குள்ள கோல் போட்டுட்டானுவ!” என்று கோல் காத்தவன் அலறினான். எங்கள் பையன்கள் கையை ஓங்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

செல்லையா திகைத்து நின்றான். “சாமி கும்பிட்டீங்களா? எனக்குத் தெரியாதுங்க” என்றான். பந்தை எடுத்து வந்து ஆசீர் கையில் கொடுத்தான். “இது செல்லாது. நீங்க கும்பிட்டு முடிங்க, நாங்க நிக்கிறோம்.” அவனும் கைகூப்பினான், அவன் கூட்டமும் கைகூப்பியது. ஆனால் ஒருவனும் கண்ணை மூடவில்லை. நாங்கள் எப்படி மூடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா!

ஆசீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கண்ணை மூடணும்லே!” என்று செல்லையாவின் கண்ணைத் தன் கையாலேயே பொத்தினான். அடிக்க ஓங்கிய கைதான் அது.

மூப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்மா, சீக்கிரம் ஆமென் சொல்லித் தொலை. எவ்வளவு நேரம் நிக்க?” என்றார். நான் அழுதுகொண்டே சொன்னேன்.

மூப்பர் கேட்டைப் பூட்டவில்லை. மறுவாரம் இரண்டு கூட்டத்தையும் கலந்து ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஆசீர் சாயங்காலம் வேப்பமரத்தடிக்கு வந்து செல்லையாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

கார்த்திகையில் கங்காணி ஆள் பிடிக்க வந்தான். அம்மாக்காரி குடிசை வாசலை மறித்துக்கொண்டு நின்று சொன்னதை நானே கேட்டேன். “இவன் வரமாட்டான் அண்ணாச்சி. இங்கன இவனுக்குச் சேக்காளிமார் இருக்காவ. சாயங்காலம் ஆளைக் காணலைன்னா தேடி வந்துருவாவ.”

சண்டை வேண்டாம் என்று மட்டுமே கேட்டவளுக்குக் கர்த்தர் கொடுத்தது இது. அன்றுமுதல் நான் சின்னதாகக் கேட்பதில்லை. நீங்களும் கூசாமல் கேளுங்கள், சபையாரே. நாம் கேட்கப் பயப்படுவதையும் அவர் தருகிறார்.