நிற்க மறுத்த என் குரல்

எங்கள் பெருங்களத்தூர் அடுக்ககத்தில் மோட்டார் எரிந்துபோய், லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்த வாரம் அது. லாரி வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிக்க லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். அது என் குரல் பதிவை ஓட்டும் ப்ளேயரைக் கிளப்பி, அதன் ப்ராசஸ் எண்ணை, அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளும். ‘நிறுத்து’ என்றால் அந்த எண்ணுக்குரியதை நிறுத்தும். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கேட் அருகே சோதித்தேன். “லாரி வந்துவிட்டது” என்று என் பதிவுக் குரல் திரும்பத் திரும்ப முழங்கியது. நிறுத்தினேன். நிற்கவில்லை. அதற்குள் எல்லா மாடியிலிருந்தும் குடங்கள் இறங்கிவிட்டன. மாடி வீட்டு ஜெயா டீச்சர் தலையில் ஷாம்பு நுரையோடு நின்றார்.

“இன்னா சார், லாரி எங்க கீது?” என்றபடி செக்யூரிட்டி தேவி அக்கா ஒலிபெருக்கியின் ப்ளக்கைப் பிடுங்கினார்.

பிறகுதான் பார்த்தேன். ஸ்கிரிப்ட், ப்ளேயரின் எண்ணை விட்டுவிட்டுத் தன் எண்ணையே குறித்திருந்தது. நிறுத்தச் சொன்னதும் தானே செத்துப்போனது. ப்ளேயர் கேட்பாரில்லாமல் கத்தியது.

அக்காவிடம் நடந்ததை அசடு வழியச் சொன்னேன். அவர் தன் விசிட்டர் நோட்டைத் தட்டினார்.

“உள்ள வர்றவங்க பேர எழுதாம, பக்கம் பூரா என் பேரையே எழுதினா, நீங்க சும்மா வுடுவீங்களா சார்?”

விட்டிருக்க மாட்டேன். போன மாதம் அவர் ஒரே ஒரு பெயரை எழுத மறந்ததற்குக் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தவனே நான்தான். அது அவருக்கும் தெரியும்.

சங்கச் செயலாளர் கோபமாக வந்தார். “யார் பண்ண வேலை இது?”

“மிஷின் கோளாறு சார்,” என்றார் அக்கா.