மண்ணாங்கட்டியின் வலது கால்

அடி அண்ணாமலையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மண்ணாங்கட்டிக்குப் பீடிதான் முதல் சம்சாரம். காசியம்மாள் அதற்கு அப்புறம்தான். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் அவளுக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை, அருவருப்புதான். பல்லில் காவி, விரலில் காவி, தலையணை உறையில்கூடக் கருகல் நாற்றம்.

நாற்பது வயதில் அவனுடைய வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. வந்தது வந்ததுதான், ஆறவே இல்லை. பாதம் சில்லிட்டுக் கிடந்தது. வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு முனகுவான். புண்ணைக் கழுவிக் கட்டுவது காசியம்மாளின் வேலை. செத்த எலி வாடை அடிக்கும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கழுவிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் ஓங்கரிப்பாள். திரும்பி வந்தால் மகராசன் அடுத்த பீடியைப் பற்றவைத்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழிலரசி பொறுமையாகச் சொன்னார்.

"பீடிப் புகையால ரத்தக்குழாய் அடைச்சிட்டே வருதுங்க. மிச்சமிருக்கிற சின்னக் குழாய்ங்களையும் ஒரு நரம்பு இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. முதுகு வழியா ஊசி போட்டு, மருந்தால அந்த நரம்பைச் செயலிழக்க வெச்சிடுவோம். பிடி விட்டுப்போனா ரத்தம் இறங்கும். கால் சூடாகும், வேர்க்காது, வலி குறையும். ஆனா பீடியை விடலைன்னா கால் நிக்காது."

குப்புறப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். சாயங்காலமே பாதம் கதகதவென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்த காசியம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள். பீடியும் நின்றது. புண் ஓரத்தில் புதுத் தோல் பிடித்தது. கட்டு மாற்றும்போது மூக்கைக் கட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அப்புறம் ஒருநாள் அவன் சட்டையில் பழைய நாற்றம் வந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இறுக்குற நரம்பையே சாவடிச்சிட்டாங்க. இனிமே பீடி இன்னா பண்ணும்?" என்று சிரித்தான். ஆட்டோ ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்களாம்.

அது போதாதென்று பௌர்ணமியும் வந்தது. கால் சூடானால் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தானாம். சாயங்காலம் சவாரி ஜாஸ்தி என்று உச்சி வெயிலில் கிளம்பினான்.

"செருப்பு போட்டுக்கினு போய்யா. சாமி கோச்சிக்காது."

"செருப்பு போட்டா அது வேண்டுதலாடி?"

தார் ரோடு கொதித்தது. வேர்வை இல்லாமல் வறண்டிருந்த பாதத்தில் வெடிப்பு விட்டு, கொப்புளம் கிளம்பியது. வழியில் உட்கார்ந்த இடத்திலெல்லாம் பீடி வேறு. சுற்றி முடித்து வந்தவன் நெற்றி நிறைய விபூதியோடு கடை பெஞ்சில் காலை நீட்டி, "பாரு, ஒண்ணும் ஆகலை" என்றான். சில நாளில் விரல்கள் கறுத்தன. கறுப்பு பாதத்தில் ஏறியது. பழைய வாடை இருமடங்காகத் திரும்பி வந்தது.

"இன்னொரு ஊசி போட்டுடுங்கம்மா" என்று டாக்டரிடம் கெஞ்சினான்.

"செயலிழக்க வைக்க அங்க நரம்பு மிச்சமில்லீங்க. இப்ப குழாயே அடைச்சிடுச்சு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணும்."

எடுத்துவிட்டார்கள். எடுத்ததைத் துணியில் சுற்றி, பையில் போட்டுக் காசியம்மாள் கையில் கொடுத்து, புதைத்துவிடச் சொன்னார்கள். அதன் கனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் மடியில் வைக்கவும் மனமில்லை, கீழே வைக்கவும் மனமில்லை. ஊர்ச் சுடுகாட்டு ஓரத்தில் குழி தோண்டுகிறவர் பையைப் பார்த்துவிட்டு, சின்னதாகத் தோண்டினார்.

"கொழந்தையாம்மா?"

"இல்லீங்க. கால்."

அவர் கடப்பாரையை நிறுத்தினார். "அய்யோ. அப்ப ஆளு?"

"ஆஸ்பத்திரியில இருக்குது" என்றாள் காசியம்மாள். "கண்ணு முழிச்சதும் பீடி கேட்டுச்சு."