ஜோசெட் அக்கா கழித்துவிட்ட குலுக்கல்

சைகோனில் மஸ்தான் பாய் தன் ஹோட்டலில் சொல்ல என் காதில் விழுந்த பேச்சு இது. அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. சாப்பிட வந்த பைக் டாக்சிக்காரன் சொன்னானாம்.

"நஸீம் பானு மக ஜன்னத் இருக்குல்ல, ஃபுட்பால்ல தலை அடிபட்ட புள்ள? ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியும், பைக் டாக்சியில பள்ளிக்கூடம் போற வழியில கால்வாய் ஓரமா இறங்கி ஓடுதாம். ஓடி முடிச்சுத் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுதாம். வீட்டுல சொல்லாம இருக்க டிரைவருக்கு ஐஸ் காப்பியாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அயலூரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன என்றாலும் எனக்கு அப்படித்தான். சொன்ன பார்சலைக்கூட வாங்காமல் ஜன்னத்துக்கு வைத்தியம் நடக்கும் பூ மி ஹங் பகுதிக் கிளினிக்கில் வேலைபார்க்கும் ஜோசெட் அக்காவைத் தேடிக் கார் பிடித்தேன்.

அக்காவின் அப்பா இக்னாஸ் காரைக்கால்காரர், சைகோனில் குமாஸ்தா. எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறி நம்மவர்கள் மூட்டை கட்டியபோது, மனைவிக்கு ஊர் இதுதானே என்று தங்கிவிட்டார். அக்கா பிறந்தது அதற்குப் பிறகு. அப்பாவிடம் தமிழ், தெருவில் வியட்நாமியம், பதறினால் பிரெஞ்சு.

தலையில் அடிபட்டு, ஓடாமல் ஓய்வில் இருக்கவேண்டிய விளையாட்டுப் பிள்ளைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் சின்னக் கருவியைக் கட்டிவிடுவதும், அது பதிந்ததைப் படித்து டாக்டருக்குச் சொல்வதும்தான் அவர் வேலை. "வலிக்குதான்னு கேட்டா எந்த ஆட்டக்காரப் புள்ள ஆமான்னு சொல்லும் தம்பி? அதான் இடுப்பைக் கேக்குறோம்" என்பார்.

இந்த ஊரில் அதற்கும் ஒரு சங்கடம். பள்ளத்தில் மோட்டார் பைக் குலுங்கினாலும் கருவி அதை அசைவென்றே எழுதிவைக்கும். சும்மா பின்னால் உட்கார்ந்து போன பிள்ளைகளெல்லாம் டாக்டரிடம் திட்டு வாங்கின. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்குப் போகிற நேரத்து அசைவைப் பைக் குலுக்கல் என்று கழித்துவிடுவது அவர் வழக்கமானது. டாக்டரும் சரி என்றுவிட்டார். ஜன்னத்துக்கும் அப்படித்தான் கழித்தார். இனி ஆடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டதும் அதை நம்பித்தான்.

நான் சொன்னதைக் கேட்டு அக்கா முதலில் சிரித்தார். "மஸ்தான் பாய் வாயில கொசுகூட யானையாயிடும்." ஆனாலும் கணினியில் ஜன்னத்தின் காலை நேரங்களைத் திறந்தார். சிரிப்பு நின்றது.

"மோன் தியே, கடவுளே... பைக் கண்டபடி குலுங்கும் தம்பி. இது பாரு, தாளம் போட்ட மாதிரி. இது காலு. ஓடியிருக்கு."

"அடுத்த ஆட்டம் எப்போக்கா?"

"இன்னைக்கு. சாயங்காலம்."

டாக்டரைக் கூப்பிட்டார், அறுவை அறைக்குள் இருக்கிறார் என்றார்கள். பள்ளியைக் கூப்பிட்டார். ஆடலாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறீர்களே, இனி டாக்டரோ தாயோ சொன்னால்தான் நிறுத்த முடியும் என்றார் பயிற்சியாளர். ஆறாத தலையில் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அக்கா.

"நஸீம் பானுகிட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்கக்கா. உங்க வேலைக்கு வினையாயிடும்."

"மெஷின் ஒழுங்காத்தான் எழுதுச்சு. அழிச்சது நான். பாவம் பாக்குறேன்னு எனக்கு நானே நல்ல பேரு வச்சுக்கிட்டேன். 'காலையில பைக்தானே கண்ணு?'ன்னு பதிலையும் நானே எடுத்துக் குடுத்தேன். தலையாட்டுறதுக்கு அந்தப் புள்ளைக்கென்ன கஷ்டம்?"

நஸீம் பானுவுக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் வேலை. உள்ளே போகும்போது போனைப் பூட்டிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தெரிந்தும் அக்கா அழைத்தார். எடுக்கவில்லை.

"பள்ளிக்குப் போயிடுவோம்" என்று கார் கூப்பிட்டேன். அக்கா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.

"தாய் சொல்லாம அவங்க நிறுத்தலைன்னா என்னக்கா செய்வீங்க?"

"கோல் கம்பத்துக்கு முன்னால போய் நிக்கிறேன். பைத்தியம்னு சொல்லட்டும்."

பள்ளியின் வலைவேலி தெரிந்தது. சீருடையில் பெண்கள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா மறுபடியும் நஸீம் பானுவை அழைத்தார்.

"எடு தங்கச்சி... எடும்மா..."

போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.