மங்கலாக விழுந்த தாய்மாமன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலையில், அழகர்கோவிலில் என் பேத்திக்குக் காது குத்தினோம். நான் ஆனையூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் கேமரா. அப்போதுதான் புது லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். அதன் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தால், குறிவைத்த முகம் மட்டும் பளிச்சென்று விழும். ஒரு சாண் பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைந்த மாதிரி மங்கிவிடும். அந்த மங்கல்தான் அழகு என்று எனக்கு ஒரு மயக்கம். போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மருமகளின் அண்ணன் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். சீர்த்தட்டும் மேளமுமாக வந்தார். அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்ததால் வர முடியவில்லை. உட்காரும் முன் மாப்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாமா, புள்ளைய நான் மடியில வச்சிருக்க மாதிரி படம் ஒண்ணு வேணும். ஆத்தா கேட்டுக்கிட்டே இருக்கு."

"ஒண்ணென்ன மாப்ள, அம்பது எடுத்துருவோம்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் போனை நீட்டினார்கள். என் படத்தில் கைகள் குறுக்கே விழுகின்றன என்று எல்லாரையும் உள்ளே வைக்கச் சொன்னேன். என் வயதுக்கு மரியாதை கொடுத்து வைத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஆல்பத்தோடு சோழவந்தானுக்குப் போனேன். அந்த அம்மா தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பேத்தியின் இமையில் நின்ற கண்ணீர்கூடத் தெரிந்தது.

"நீ எங்கடா?" என்று மகனைக் கேட்டார்.

"பின்னாடி இருக்கேன்ல ஆத்தா."

"எது, இந்தப் பொகையா?"

மாப்பிள்ளையின் மனைவி சிரித்துவிட்டார். "சீரு கொண்டுபோன மாமன ஊரே பாத்துச்சு. கேமராதான் பாக்கல போல."

நான் உடனே வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். துவாரம், ஆழம், பார்ப்பவர் கண் முதலில் குழந்தையிடம் போக வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு, தூசியைத் துடைக்கிற மாதிரி அந்த மங்கலின் மேல் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல் வரை வந்தார்.

"வேற ஏதாச்சும் இருக்குமா மாமா? நல்லா இல்லாட்டியும் பரவால்ல."

"இல்ல மாப்ள."

"சரி, விடுங்க. ஏறுங்க வண்டில, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வாரேன்." வழியில் கொடிக்காலில் நிறுத்தி ஒரு கவுளி வெற்றிலை வேறு கட்டிக் கொடுத்தார்.

ஒரு படம் இருந்தது. ஊசி இறங்கிய நொடியில் குழந்தை துள்ள, கேமராவின் குறி தவறிப் பின்னால் போய்விட்டது. அதில் பேத்தி மங்கல். மாமன் முகம் துல்லியம். தனக்கே குத்தியதுபோல் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கியிருந்தார். கோயில் மரத்தடியில் நின்று அதைப் பார்த்தேன். ஃபோகஸ் போன படம், வேஸ்ட் என்று அங்கேயே அழித்தேன். துவாரத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் இரண்டு முகமும் தெளிவாக விழுந்திருக்கும். முப்பது வருஷம் ஒளியியல் நடத்தியவனுக்கு அது தெரியாதா? ஆல்பம் போட்ட கையோடு, கேமராவின் மெமரி கார்டை வைகைக் கரைப் பறவைப் படங்களால் நிரப்பியும் விட்டேன்; அழித்ததை மீட்கவும் வழியில்லை.

அடுத்த மாதம் பேத்தியைக் கூட்டிப்போய், மாமன் மடியில் உட்கார வைத்து, அந்த அம்மாவின் கட்டில் ஓரத்திலேயே எடுத்தேன். மூவரும் தெளிவாக விழுந்தார்கள். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் குழந்தை தோடு போட்டுச் சிரிக்கிறாள். முதல் ஊசி ஒரு தடவைதான் இறங்கும்.

மங்கலாக எடுத்ததற்கு மாப்பிள்ளை என்னை அன்றைக்கே மன்னித்துவிட்டார். தெளிவாக விழுந்த முகத்தைப் பார்த்த பிறகும் வேண்டாமென்று அழித்ததை மன்னிக்க, நான்தான் அவருக்கு இன்றுவரை வாய்ப்புக் கொடுக்கவில்லை.